மெஷின் கத்துகிறது, யார் பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

(பினாங்கு பாயான் லெப்பாஸில் மைக்ராஸ்கோப் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சியாளராக ஓய்வு பெற்ற 'கியூசி அக்கா' பதில் சொல்கிறார். இந்த முறை வந்தவை பெரும்பாலும் மெஷினும் மனிதரும் சேர்ந்து பார்க்கும் வேலை பற்றிய கேள்விகள்.)

கேள்வி: அக்கா, சர்க்கிட் போர்டு செய்யும் கம்பெனியில் ஏஓஐ என்ற தானியங்கிப் பரிசோதனை மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கு வேலை. மெஷின் கேமராவில் பார்த்து, சந்தேகப்படும் இடத்தைத் திரையில் காட்டும். அது நல்லதா கெட்டதா என்று நான் பட்டன் அழுத்த வேண்டும். காட்டுவதில் முக்கால்வாசிக்கு மேல் நல்ல போர்டுதான். போன மாதம் ஒரு கெட்ட போர்டு என்னைத் தாண்டி வாடிக்கையாளர் வரைக்கும் போய்விட்டது. "மெஷின் சரியாகத்தான் காட்டியது, நீதான் ஓகே கொடுத்தாய்" என்று விளக்கம் கேட்கும் ஷோ காஸ் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். தப்பு என்னுடையதா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, சுங்கை நிபோங்

பதில்: பட்டனை அழுத்தியது உங்கள் விரல்தான், அதை மறுத்து எழுத வேண்டாம். ஆனால் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்திருந்தாலும் என்றைக்காவது ஒன்று தாண்டித்தான் போயிருக்கும். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை தங்கச்சி, அளந்து பார்த்த விஷயம் இது. 2005இல் ஜெரெமி வுல்ஃப் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும், விமான நிலைய எக்ஸ்ரே சோதனை மாதிரி ஒரு தேடும் வேலையை ஆய்வுக்கூடத்தில் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். தேட வேண்டிய பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம்தான் கண்ணுக்குத் தப்பியது. நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தப்பியது. 'இல்லை, இல்லை, இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும் மனம், 'இருக்கிறது' என்று சொல்வதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது.

இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரை பார்த்த பிரிட்டிஷ் விமானப்படை ஆட்கள் ஏன் நேரம் ஆக ஆகக் கோட்டை விடுகிறார்கள் என்று நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்தார். எண்ணே இல்லாத ஒரு கடிகாரம். முள் ஒவ்வொரு படியாக நகரும், எப்போதாவது ஒரு முறை இரண்டு படி தாவும். அந்தத் தாவலைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே பார்வை தளர்ந்துவிட்டது. 1948இல் வெளிவந்த ஆய்வு இது. இன்றைக்கும் நம்மூரில் பெண்பிள்ளைகளை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஒரே திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுக் 'கவனம் போதாது' என்று கடிதம் எழுதுகிறார்கள்.

அடுத்தது, மெஷின் ஏன் இத்தனை நல்ல போர்டைக் கெட்டது என்கிறது? உங்களுக்கே தெரிந்திருக்கும், மேலதிகாரிக்காக எழுதுகிறேன். பல ஏஓஐ மெஷின்களில் மேலே சிவப்பு, நடுவில் பச்சை, கீழே நீலம் என்று மூன்று வளைய விளக்கு இருக்கும். ஈயப்பற்று தட்டையாக இருக்கும் இடம் சிவப்பாகவும், சரிவாக ஏறும் இடம் நீலமாகவும் கேமராவுக்குத் தெரியும். நல்ல பற்றில் பாகத்தின் உலோகக் காலைச் சுற்றி நீலப் பட்டை ஒன்று அழகாக நிற்கும். இப்போது வேறொரு சப்ளையரின் கெப்பாசிட்டர் வருகிறது, உடம்பு கொஞ்சம் வெளிர் நிறம். அல்லது ஈயம் பற்றுவதற்காகப் பூசும் ஃபிளக்ஸின் கறை பளபளக்கிறது, போர்டு அடுப்பில் லேசாக வளைந்துவிட்டது, ஐசி மேல் அச்சடித்த எழுத்து மாறியிருக்கிறது. சர்க்கிட்டுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் மெஷினுக்கு எல்லாமே சந்தேகம். கெட்டது ஒன்றும் தப்பக் கூடாது என்று புரோகிராம் எழுதியவர் வரம்பை இறுக்கி வைத்துவிடுகிறார். அவர் பக்கம் அது நியாயம்தான். அந்த இறுக்கத்தின் முழுச் செலவும் உங்கள் தலையில் வந்து விழுகிறது.

சரி, பதில் கடிதத்தில் என்ன எழுதுவது? மன்னிப்பை முதலில் எழுதாதீர்கள். அந்த மெஷின் ஒவ்வொரு பட்டன் அழுத்தலையும் நேரத்தோடு பதிவு செய்து வைத்திருக்கும். அன்றைய ஷிஃப்டின் பதிவை எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை இடம் காட்டியது, அதில் உண்மையில் கெட்டது எத்தனை, ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குக் கிடைத்தது எத்தனை விநாடி, அந்தப் போர்டு வந்தபோது நீங்கள் உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்ற நான்கு விவரங்களும் கடிதத்தில் இருக்கட்டும். லைன் வேகத்துக்கு ஈடு கொடுக்க ஒரு இடத்துக்கு இரண்டு விநாடிதான் கிடைத்தது என்று வந்தால், அதற்கு மேல் நீங்கள் வாதாட வேண்டிய தேவை இருக்காது.

அப்புறம் மூன்று கோரிக்கை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி வேறு வேலை கொடுக்க வேண்டும். அதிகமாகப் பொய்யாகக் காட்டும் இடங்களை வாரம் ஒரு தடவை புரோகிராம் ஆட்கள் உங்களோடு உட்கார்ந்து திருத்த வேண்டும். 'உங்களோடு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மூன்றாவதாக, கெட்டது என்று தெரிந்தே அடையாளம் போட்ட போர்டுகளை இடையிடையே கலந்து விட வேண்டும். பல விமான நிலையங்களில் பை சோதிக்கும் திரையில் பொய்த் துப்பாக்கிப் படத்தை நடுநடுவே காட்டுகிறார்கள், கண் தூங்காமல் இருப்பதற்கு. கண்டுபிடித்தால் 'இது சோதனை' என்று உடனே திரையில் வந்துவிடும். ஆளை மாட்டிவிடுவதற்காகக் கலந்தால் அது வேறு கதை. அப்படிச் செய்யும் கம்பெனியையும் பார்த்திருக்கிறேன், அங்கே ஒருவருக்கொருவர் ஜாடை காட்டிச் சோதனைப் போர்டை மட்டும் பிடித்தார்கள்.

கேள்வி: பணம் எடுக்கும் மெஷினில் ஏன் முதலில் கார்டைத் தருகிறது, பிறகுதான் பணத்தைத் தருகிறது? அவசரத்தில் போகிறவனுக்கு எரிச்சலாக இருக்கிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பணத்தை முதலில் தந்தால் கார்டை விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள் ஐயா. வந்த காரியம் பணம். அது கைக்கு வந்ததும் மனம் கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறது, மிச்ச வேலை கண்ணில் படாது. முதலில் கார்டு என்று வரிசையை மாற்றியதும் அந்த மறதி பெருமளவு குறைந்தது. யாரையும் 'கவனமாக இருங்கள்' என்று திருத்த வேண்டியிருக்கவில்லை.

சந்தேகம் இருந்தால் ஏதாவது ஒரு ஃபோட்டோஸ்டேட் கடையில் கேட்டுப் பாருங்கள். நகல் கைக்கு வந்ததும் கண்ணாடி மூடிக்குள்ளே மைகார்டு அடையாள அட்டையை விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று கடைக்காரர் டிராயரைத் திறந்து காட்டுவார்.

கேள்வி: நான் கையுறை தொழிற்சாலையில் இளம் இன்ஜினியர். ஏஐ கேமரா வாங்கிப் பரிசோதிக்கும் ஆட்களை முழுக்க எடுத்துவிடலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. "மனிதக் கண்ணைவிடக் கேமரா துல்லியம்" என்கிறார்கள். என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். எப்படி எழுதுவது?
– வாசகர், செராஸ், கோலாலம்பூர்

பதில்: தம்பி, துல்லியம் என்ற சொல்லை அறிக்கையிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். எதைப் பார்ப்பதில் துல்லியம் என்று கேளுங்கள். கறை, கிழிசல், மணிக்கட்டு ஓரம் சரியாகச் சுருளாதது இதெல்லாம் கேமராவுக்குச் சுலபம், சலிப்பும் கிடையாது. ஆனால் கையுறையின் உயிரே ஊசித் துளையில் இருக்கிறது. அதற்கு 1,000 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் கழித்துக் கசிவு பார்க்கும் சோதனையைத்தான் இன்னும் செய்கிறோம். தண்ணீர் ஊற்றியதை விற்க முடியாது என்பதால் மாதிரி எடுத்துத்தான் பார்க்க முடியும். கேமரா வாங்கியதும் இந்த மாதிரி எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று இதற்குப் பொருந்தும். நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா ஸ்மோக் ஹவுஸில் ஷீட் தரம் பிரிப்பார். புகை போட்ட ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். காற்றுக்குமிழி, பட்டைத் துணுக்கு, பூஞ்சணம் எல்லாம் அதில் தெரியும். துணுக்கு இருந்தால் கத்தரிக்கோலால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, 1 முதல் 5 வரையிலான தரத்தில் எதில் சேரும் என்று அடுக்குவார். கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் வேலை. ஷீட்டை உதறும்போது கேட்கும் சத்தத்தை வைத்தே உள்ளே ஈரம் இருக்கிறது என்பார்.

1965இல் ரப்பருக்கு எஸ்எம்ஆர் என்ற மலேசியத் தரமுறை வந்தது. கட்டியாக அழுத்திய ரப்பருக்குள் எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதனால் ஒரு துண்டை எடுத்துக் கரைத்து, 44 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, மிஞ்சும் அழுக்கை எடை போட்டார்கள். அம்மாவின் கண்ணை நகலெடுக்கும் மெஷின் எதையும் அவர்கள் தேடவில்லை. 'பார்க்க எப்படி இருக்கிறது' என்ற கேள்வியை விட்டு 'அழுக்கு எவ்வளவு' என்ற கேள்விக்கு மாறினார்கள். தானியக்கம் சரியாக வேலை செய்த இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. இன்னொரு பக்கம், புகை ஷீட் என்று வாங்குகிற இடத்தில் இன்னும் கண்ணால் பார்த்துத்தான் தரம் போடுகிறார்கள்.

அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டியது இன்னொன்று. ஆட்களை எடுத்த பிறகு கேமராவுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கும்? 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தானியக்கத்தில் உள்ள முரண்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார், அதை வாங்கிப் படியுங்கள். சுலபமான வேலையை மெஷின் எடுத்துக்கொள்கிறது, கடினமான மிச்சம் மனிதருக்கு வருகிறது. அதே சமயம், அந்தக் கடினத்தைச் சமாளிக்கும் கைப்பழக்கம் தினசரி வேலையில்தான் வரும், அந்த வேலையைத்தான் நாம் பிடுங்கிவிட்டோம். சும்மா உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கச் சொல்கிறோம், அதுதான் மனிதருக்குக் கொஞ்சமும் ஒத்துவராத வேலை.

அதனால் உங்கள் பத்து அனுபவசாலிகளில் மூன்று பேரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுங்கள். கேமராவைக் காவல் காக்க வைக்காதீர்கள். கேமராவுக்கு எது கெட்டது என்று கற்றுக்கொடுக்கும் படங்களைப் பிரிக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். தினமும் ஒரு தட்டுக் கையுறையை அவர்கள் கையால் பார்த்து, கேமரா சொன்னதோடு ஒப்பிடட்டும். புதிதாக ஒரு குறை வந்தால் முதலில் அவர்கள் விரலுக்குத்தான் தெரியும். கேமராவுக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது அதற்குப் பெயர் வைத்துக் காட்ட வேண்டும். விற்பனைக்கு வரும் ஆசாமி இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

கேள்வி: லிஃப்டில் கதவு மூடும் பட்டன் உண்மையிலேயே வேலை செய்கிறதா?
– மாணவி, ஆயர் ஈத்தாம்

பதில்: சில லிஃப்டில் செய்யும், சிலவற்றில் செய்யாது. அமெரிக்காவில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு, கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும் வருகிறவர்களுக்குப் போதுமான நேரம் கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஆனது. அதனால் அங்கே பல லிஃப்டில் பயணிகளுக்கு அந்தப் பட்டன் ஒன்றும் செய்வதில்லை. உங்கள் அடுக்குமாடியில் எப்படி என்று அழுத்தியும் அழுத்தாமலும் விநாடி எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாட்டி ஏறும்போது மட்டும் சோதிக்காதே கண்ணு.

கேள்வி: கோலாலம்பூர் எல்ஆர்டியில் கிளானா ஜெயா தடத்தில் ஓட்டுநர் இல்லை. பேரப்பிள்ளைகளோடு ஏறும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. 2021இல் இரண்டு ரயில் மோதியதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஐயா, அந்த விபத்தை முழுதாகப் பார்த்தால் உங்கள் பயம் இடம் மாறும். 1998இலிருந்து ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தடம் அது. 2021 மே 24ஆம் தேதி இரவு கம்போங் பாருவுக்கும் கேஎல்சிசிக்கும் இடையே சுரங்கத்துக்குள் மோதல் நடந்தது. ஒரு ரயில் தானாக ஓடிக்கொண்டிருந்தது, அதில் 213 பயணிகள். எதிரே வந்தது காலி ரயில், அதை ஒருவர் கையால் ஓட்டி வந்தார். அவர் தவறான திசையில் ஓட்டிவிட்டார் என்று விசாரணைக்குப் பிறகு அப்போதைய போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் ஜூன் மாதம் அறிவித்தார். அதாவது, மெஷின் கையை விட்டு மனிதர் கைக்கு மாறிய அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்தது.

'மனிதத் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடுவது எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. தானாக ஓடும் தடத்தில் கையால் ஓட்டும் வாய்ப்பு ஒருவருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்? சுரங்க இருட்டில் எந்தப் பக்கம் எந்தத் திசை என்று அவருக்கு எது காட்டும்? வாயால் திருப்பிச் சொல்லி உறுதி செய்யும் பழக்கம் உண்டா? எந்த ரயில் தடத்திலும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பேன். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். நீங்கள் தைரியமாக ஏறுங்கள். பிள்ளைகளுக்கு முன் கண்ணாடி இடத்தைப் பிடித்துக் கொடுங்கள், அதற்குத்தானே அந்தத் தடத்தில் போட்டி.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 70. போன வாரம் ஒரு பேரங்காடியில் தொடுதிரையில் சாப்பாடு ஆர்டர் செய்யப் போய், நடுவில் திரை மறுபடி முதலுக்கே போய்விட்டது. மூன்றாவது தடவை அழாத குறையாக வந்துவிட்டார். "எனக்குப் படிப்பு இல்லை" என்கிறார். எப்படிக் கற்றுக்கொடுப்பது?
– வாசகி, பிறை

பதில்: அம்மாவுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்க வேண்டாம், அந்தத் திரையைச் செய்தவருக்குத்தான் பாடம் எடுக்க வேண்டும். நிதானமாகப் படிக்கிறவர் முடிக்கும் முன்பே நேரம் முடிந்தது என்று அழித்துவிடுகிறது. ஒரு படி பின்னால் போகும் பட்டனை மூலையில் ஒளித்து வைக்கிறது. காசு வாங்காது, அட்டை மட்டும்தான் என்பதைக் கடைசியில் சொல்கிறது. இதில் படிப்பு எங்கே வந்தது?

அம்மாவிடம் ரைஸ் குக்கரைக் காட்டுங்கள். அதுவும் ஆட்டோமேட்டிக்தான். ஜப்பானில் தோஷிபா 1955இல் விற்பனைக்கு விட்டது. அதை உருவாக்கிய யோஷிதாதா மினாமியின் மனைவி ஃபுமிகோதான் வீட்டில் ஓயாமல் சோறாக்கிச் சோறாக்கிச் சோதித்தவர். வெளிப் பாத்திரத்துத் தண்ணீர் வற்றியதும் சூடு 100 டிகிரியைத் தாண்டும், அதில் சுவிட்ச் அணையும். பின்னால் வந்த சாதாரண குக்கர்களில் அடியில் ஒரு காந்தம், தண்ணீர் வற்றிச் சூடு ஏறியதும் பிடியை விட்டுவிடும், 'டக்'கென்று சுவிட்ச் மேலே வரும். ஒரே ஒரு நெம்பு. அழுத்தினால் வேகும், தானே எழும்பினால் வெந்தது. எந்த நிலையில் இருக்கிறது என்று அடுப்படியின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும். சமைக்கிற பெண் ஒருத்தி கூடவே இருந்து செய்த மெஷினுக்கும், யாரையும் கேட்காமல் செய்த திரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்த முறை அம்மா கவுண்டருக்கே போய் "ஆளிடம்தான் ஆர்டர் கொடுப்பேன்" என்று சொல்லட்டும். பின்னால் நிற்கும் நாலு பேர் அவருக்கு நன்றி சொல்வார்கள்.

கேள்வி: நான் நைட் ஷிஃப்ட் டெக்னீஷியன். எங்கள் லைனில் ஆப்பரேட்டர்கள் மெஷின் பஸர் மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள். பிடுங்கினால் மறுநாள் திரும்ப ஒட்டியிருக்கும். என்ன தண்டனை கொடுத்தால் நிற்கும்?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தண்டனை கொடுத்தால் டேப் நிற்கும், அப்புறம் பஞ்சு வரும். பஸர் ஏன் அவர்களுக்குத் தேவையில்லாமல் போனது என்று பாருங்கள்.

அலாரம் அர்த்தமில்லாமல் அடித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தெராக்-25 என்ற கதிர்வீச்சு மெஷினின் கதை இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்காகக் கனடாவில் செய்தது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது, உயிர்களும் போயின. சாஃப்ட்வேரில் கோளாறு. முந்தைய மாடல்களில் இருந்த தனிப் பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சாஃப்ட்வேரிடமே விட்டிருந்தார்கள். இதில் நமக்கு வேண்டியது திரையில் வந்த செய்தி. 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. அப்படி என்றால் என்ன என்று ஆப்பரேட்டரின் கையேட்டில் விளக்கமே இல்லை. அந்த மெஷின் இந்த மாதிரி செய்திகளை அடிக்கடி காட்டும், 'பி' என்ற எழுத்தை அழுத்தினால் வேலை தொடரும். ஆப்பரேட்டர்கள் பழகிவிட்டார்கள், அன்றைக்கும் அழுத்தினார்கள்.

ஆகவே தம்பி, ஒரே ஒரு நைட் ஷிஃப்டுக்கு ஒரு தாளை எடுத்து அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பஸர் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு விஷயம் குறியுங்கள்: எதற்காக அடித்தது, ஆப்பரேட்டர் அதற்கு என்ன செய்தார். 'ஒன்றும் செய்யவில்லை, நிறுத்தினார், அவ்வளவுதான்' என்று வரும் வரிகளைத் தனியாக எண்ணுங்கள். டிரே பாதி காலி, ரீல் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது, கதவு சரியாக மூடியிருக்கிறது என்று சொல்வதற்கெல்லாம் சத்தம் வேண்டாம், ஒரு மஞ்சள் விளக்கு போதும். சத்தம், ஆள் எழுந்து வந்தே ஆக வேண்டிய விஷயத்துக்கு மட்டும் இருக்கட்டும். இந்த மாற்றத்தைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்காது, புரோசஸ் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும். அந்தத் தாளை அவரிடம் கொடுங்கள். கூடவே அந்த டேப் ஒட்டிய ஆப்பரேட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த பஸர் பொய் என்று அவருக்குத்தான் மனப்பாடமாகத் தெரியும்.